பால் பாக்கெட்டில் கை வைக்காதீர்கள்

திருப்பதியில் இருக்கும் என் தம்பி, போன மாதம் ஒரு கூகுள் ஷீட்டைப் பகிர்ந்தான். தலைப்பு "சிக்கனம்". அவன் மனைவி வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை வயசுப் பையனோடு வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு எந்தெந்தச் செலவைக் குறைக்கலாம் என்று ஒரு பட்டியல். "அண்ணா, நீ கணக்குல புலி, ஒரு பார்வை பாரு" என்று கீழே குறிப்பு வேறு.

பார்த்தேன். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால்தான் இந்தப் புலம்பல். குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் இதையெல்லாம் படிக்க மாட்டார் :-)

தம்பி மருந்துக் கம்பெனி ரெப். ஸ்ரீகாளஹஸ்தி, புத்தூர், பலமனேர் என்று வண்டியிலேயே வாழ்க்கை. கைக்கு 48,000 வருகிறது. அவன் மனைவிக்கு ரேணிகுண்டா பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. பிடித்தமெல்லாம் போக 26,000. அந்த இருபத்தாறை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் கேள்வி.

தம்பியின் விடை இது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நின்றால் 6,000. வேலைக்காரம்மா நின்றால் 2,500. ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் 2,000. அவளுடைய பஸ் செலவு 1,200. அவளுடைய புடவை, பார்லர் வகையறா 1,500. பேப்பரும் ஓடிடியும் 550. பால் ஒரு லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், மிச்சம் 600. கூட்டினால் 14,350. துண்டு விழும் 11,650-க்கு எதிரே "அண்ணா?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தான். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

அந்த ஷீட்டிலேயே இன்னும் நாலு வரி கீழே போனால் வேறு சங்கதி இருக்கிறது. மனைக் கடன் தவணை 19,400. கார் தவணை 9,200. நகைச் சீட்டு 5,000. இந்த மூன்றையும் மஞ்சள் கலரில் அடித்து, "மாற்ற முடியாதவை" என்று போட்டிருக்கிறான். ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில் பால் மாற்றக் கூடியதாம், காலி மனை மாற்ற முடியாததாம்!

அந்த மனை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். தலைநகர் ஆயிடுச்சு, விலை ஏறும் என்று ஒரே பேச்சு. சந்திரகிரி பக்கம் நாற்பது அங்கணம் வாங்கிப் போட்டான். (நம்ம ஊர்க் கணக்கு தெரியாதவர்களுக்கு: திருப்பதியில் ஒரு அங்கணம் 36 சதுர அடி. நெல்லூருக்குப் போனால் அதே பெயருக்கு அளவு மாறும், ஏமாந்துவிடாதீர்கள்.) அதில் வீடு கட்டப் போவதில்லை. தம்பதி இரண்டு பேரும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முட்செடி முளைத்த ஒரு துண்டு நிலத்துக்கு மாதா மாதம் 19,400 கட்டுகிறார்கள்.

அவனை அதற்குத் தூண்டியது யார்? நான்தான். நாம்தான். லீவில் போகும்போதெல்லாம் "இன்னும் ஒரு மனை கூட இல்லையாடா" என்று கேட்டவன் நான். டாலரைக் கொண்டுபோய்க் கொட்டி, திருச்சானூர் ரோட்டில் அங்கணத்துக்கு அங்கணம் விலை ஏற்றியவர்கள் நாம். பிறகு இங்கே நியூஜெர்ஸியில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் பெண்கள் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள், காலம் கெட்டுப் போச்சு என்று பொங்கல் விழாவில் பேசுகிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள். குழந்தையோடு ஒருத்தர் வீட்டில் இருப்பதற்கு நான் எதிரி இல்லை. சின்னக் குழந்தைக்குப் பெற்றவர் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். முடிந்தால் செய்யுங்கள். என் சண்டை அதற்குப் பணம் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்.

வேலைக்காரம்மாவை நிறுத்தினால் 2,500 மிச்சம் என்கிறான். பாத்திரம் தானாகத் தேய்ந்துகொள்ளுமா? அந்த வேலை அப்படியே இவள் தலையில் விழும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். அதே வேலையில் கை வைக்கிற ஆண்கள் 88 நிமிடம். குழந்தை பார்ப்பது அதில் சேராது, அது தனிக் கணக்கு. குழந்தையோடு இருப்பதற்காக வேலையை விடச் சொல்லிவிட்டு, இந்த 289-ஐ இன்னும் நீட்டினால் குழந்தையோடு இருப்பது எப்போது?

பஸ் செலவு 1,200 என்ற வரியைப் பார்த்து அவளுக்கே போன் போட்டேன். "மாமா, ஆகஸ்ட் பதினஞ்சுலேர்ந்து லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ. அவருக்குத் தெரியாது போல" என்றாள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தினமும் ரேணிகுண்டா போய் வருகிற மனைவி பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறாளா இல்லையா என்பது தெரியாமலேயே சிக்கனப் பட்டியல் போட்டிருக்கிறான் என் தம்பி.

சரி, நீ என்னம்மா நினைக்கிறே என்று கேட்டேன். அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

"ரெண்டு வருஷம் அவனோட இருக்கணும்னு எனக்கும் ஆசைதான் மாமா. ஆனா ஒவ்வொரு பால் பாக்கெட்டுக்கும் கணக்கு சொல்லிட்டு இருக்கணும்னா வேணாம். வேலைக்கே போறேன்."

இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியாது.

அப்பாவிடம் பேசினேன். சித்தூர் ஆர்.டி.சி. டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். "உங்கம்மா வேலைக்குப் போனாளா? ஒரே சம்பளத்துல நாலு பேர் சாப்பிடல?" என்றார். எல்லா வீட்டிலும் வருகிற வசனம்தான்.

ஆனால் அது உண்மை இல்லை. அம்மா வீட்டில்தான் இருந்தாள், ஆனால் இரண்டு ஜெர்சி மாட்டோடு இருந்தாள். காலையும் சாயங்காலமும் சொசைட்டியில் பால் ஊற்றுவாள். சித்தூர்க் கூட்டுறவுப் பால் பண்ணை நன்றாக ஓடிய காலம் அது. கொழுப்பு பார்த்து அட்டையில் எழுதித் தருவார்கள், பில் வந்தால் பணம் அம்மா கைக்கு வரும். எங்கள் இரண்டு பேர் ஸ்கூல் நோட்டுப் புத்தகம், தீபாவளித் துணி, அம்மா போட்ட மளிகைச் சீட்டு எல்லாம் அந்தப் பணம். அதில் ஒரு ரூபாய்க்கும் அப்பாவிடம் கணக்குச் சொன்னதில்லை. 2002-ல் அந்தப் பண்ணையை மூடினார்கள். அதற்குள் நாங்கள் படித்து முடித்துவிட்டோம், தப்பித்தோம். அம்மா கொஞ்ச நாள் ஒரு தனியாருக்கு ஊற்றினாள், பிறகு மாட்டை விற்றுவிட்டாள். அதற்கப்புறம்தான் அவள் அப்பாவிடம் பத்து, இருபது என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்கும்போது முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்பாள். எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே "அந்தக் காலத்தில் ஒரு சம்பளம்" என்ற கதையை யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். பால், தையல், அப்பளம், மாங்காய்த் தோப்புக் கூலி என்று அந்த வீடுகளில் இரண்டாவது வருமானம் இருந்தது. நாம் அதைச் சம்பளம் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஷீட்டில் வராத இன்னொரு செலவும் இருக்கிறது. அவளுக்கு அந்தக் கம்பெனியில் ஏழு வருஷம் நாலு மாசம் சர்வீஸ். பி.எஃப். திட்டத்தில் மாதப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷம் வேண்டும். இப்போது விட்டால் கிடையாது. பதற்றத்தில் ஃபாரம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் ஏழு வருஷமும் போச்சு. எடுக்காமல், அதே ஃபாரத்தில் ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வைத்தால், பின்னால் வேறு வேலையில் சேரும்போது பழைய சர்வீஸ் அதோடு சேரும். இதை அவளுக்குக் கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-லேயே சட்டம் வந்தது. அதையும்தான் சொல்லவில்லை. காப்பகம் என்று ஒரு அறைக்குப் போர்டு மட்டும் இருக்கிறதாம், உள்ளே பழைய ஃபைல்.

அந்தப் பென்ஷன் எவ்வளவு பிச்சைக்காசு என்பீர்கள். அப்பாவையே கேளுங்கள். 2020 ஜனவரியில் ஆர்.டி.சி. ஊழியர்களை அரசு ஊழியர்களாக்கினார்கள். அவர் அதற்கு முன்பே ரிட்டையர் ஆகிவிட்டார். வருவது இதே பி.எஃப். பென்ஷன்தான், மாதம் சில ஆயிரம். மாசம் பிறந்தால் அதற்காக எத்தனை தடவை பேங்க் மெசேஜைப் பார்க்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். தன் கைக்குத் தன் பெயரில் வருகிற பணம் அது.

அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு உண்டு. வேலைக்கே போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட துணைக்கும், உரிய வயது வந்ததும் சோஷல் செக்யூரிட்டியில் மற்றவருடைய தொகையில் பாதி வரை தனியாகக் கிடைக்கும். சம்பாதித்தவர் பங்கில் அதற்காக ஒரு சென்ட்டும் குறையாது. நம் பி.எஃப். பென்ஷனில் மனைவிக்குப் பங்கு வருவது கணவன் செத்த பிறகு.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "நம்ம திருப்பதி மனை யார் பேர்ல இருக்கு?"

என் பெயரில் இருக்கிறது. என் பெயரில் மட்டும்.

2011-ல் எச்-4 விசாவில் வந்தவள். திருப்பதியில் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். எச்-4-இல் இருப்பவர்கள் வேலை செய்ய 2015 மே மாதம் வரை வழியே கிடையாது, அதற்குப் பிறகும் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியவர்களுக்குத்தான். எங்களுக்கு 2017 ஆயிற்று. அந்த ஆறு வருஷம் "நாங்க ஒரே சம்பளத்துல சிக்கனமா இருக்கோம்" என்று பாட்லக் விருந்துகளில் பெருமையடித்தவன் நான். சிக்கனம் யாருடையது? கூப்பன் வெட்டியவள் அவள், பையனுக்கு முடி வெட்டியவள் அவள், ஊருக்குப் போக வேண்டாம் என்று இரண்டு முறை தள்ளிப் போட்டவளும் அவள். மிச்சமான பணம் என் கணக்கில் சேர்ந்து, என் பெயரில் மனையாகி நிற்கிறது. அந்த வருஷங்களில் அவள் பெயர் இருந்த முக்கியமான காகிதம் விசா ஒன்றுதான். அதிலும் என்னைச் சார்ந்தவள் என்று போட்டிருந்தது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. நெய்வேலிக் குடும்பம். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை, மனைவி ஊரில் பிள்ளைகளோடு. அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று வழக்கு. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, அதனால் அந்தச் சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு ஆந்திராவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் படித்தபோது சவூதியை அடித்துவிட்டு நியூஜெர்ஸி என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தியது.

தம்பிக்கு நான் அனுப்பிய கணக்கு இதுதான். மனையை விற்றால் கடன் அடைந்து கையில் கொஞ்சம் நிற்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான். தவணை 19,400 நிற்கும். ஆயாவின் 6,000 நிற்கும். ஆக 25,400. குறைவது 600. அந்த அறுநூறு பாலில்தான் வர வேண்டும் என்றால் நான் அனுப்புகிறேன். வேலைக்காரம்மா இருக்கட்டும். விற்று மிஞ்சுகிற பணம் அவள் பெயரில் டெபாசிட் ஆகட்டும். மாதம் பிறந்ததும் ஒரு தொகை அவள் கணக்குக்குப் போகட்டும், அதற்குக் கேள்வி கிடையாது. இரண்டு வருஷம் முடிந்து அவள் வேலைக்குப் போகும்போது, பையனுக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். நீ வீட்டில் இருப்பதைப் பற்றி யாராவது ஒரு நிமிஷமாவது யோசித்தார்களா என்றும் கேட்டிருந்தேன். சம்பளம் கூட என்பதால் நீ போவது என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா "மண்ணை வித்து மருமகளை உக்கார வைக்கிறானாம்" என்று அம்மாவிடம் சத்தம் போட்டிருக்கிறார். என்னோடு பத்து நாளாகப் பேச்சு இல்லை.

என் மனையில் பாதியை மனைவி பெயருக்கு எழுத, பவர் பத்திரத்தைக் கான்சுலேட் அட்டெஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறேன். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் போட வேண்டும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. அலைய வேண்டியவன் தம்பிதான், பாவம்.

மனை விற்பது பற்றி அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பால் மறுபடி ஒரு லிட்டர் ஆகியிருக்கிறது.