அன்று எழுதிய பில் என்றும் அதே பில்லாக இருக்க வேண்டும்

கார்பன் தாள் வைத்துப் பில் எழுதிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டோம். பேனாவை அழுத்தி ஒரு முறை எழுதினால் மூன்று தாளிலும் ஒரே எழுத்து விழும். மேல் தாள் வாங்குபவருக்கு, நடுத்தாள் லாரிக்கு, அடித்தாள் நம் புத்தகத்துக்கு. அடித்தாளில் எழுத்து மங்கியிருக்கலாம், தொகை மாறியிருக்காது. பத்து வருடம் கழித்துப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தாலும் அன்று எழுதியதுதான் இருக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோதும், சரக்குப் பில் மூன்று படியாக இருக்க வேண்டும் என்றே விதி சொன்னது. அடிப்படை மாறவில்லை, எழுதும் கருவிதான் மாறியது.

இப்போது பில் கம்ப்யூட்டரில் போடுகிறோம். அந்தக் கம்ப்யூட்டரும் நம் கடையில் இல்லை. எங்கோ இருக்கும் சர்வரில் மென்பொருள் ஓடுகிறது. நாம் பட்டனை அழுத்தினால் பி.டி.எஃப். வருகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த பி.டி.எஃப். எப்படிப் பிறக்கிறது என்பதை நாம் யாரும் கேட்டதில்லை. கேட்காததன் பலனை எங்கள் கடை அனுபவித்தது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

2025 ஆகஸ்டில் இராசிபுரம் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவருக்கு நெய் டின்கள் அனுப்பினோம். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய். அப்போது நெய்க்கு வரி 12 சதவீதம். வரி 6,000 சேர்த்து பில் 56,000 ரூபாய். பணமும் வந்துவிட்டது. செப்டம்பர் 22 முதல் நெய்க்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது. அதே சமயம் நாங்கள் அலுவலகத்தைச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஃபேர்லேண்ட்ஸுக்கு மாற்றியிருந்தோம். மென்பொருளில் புது வரியையும் புது முகவரியையும் பதிந்து வைத்தோம். அக்டோபரில் அந்த வியாபாரி தம் ஆடிட்டருக்காகப் பழைய பில்லின் நகல் கேட்டார். எங்கள் பையன் பில் எண்ணைத் தட்டி அனுப்பிவிட்டான். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"என்னங்கண்ணா, நான் கட்டினது 56,000 ஆச்சே! பில்லுல 52,500-னு இருக்குது. மீதி 3,500 எங்கீங்க?"

எடுத்துப் பார்த்தால் அதே பில் எண், அதே ஆகஸ்ட் தேதி. ஆனால் வரி 5 சதவீதம், முகவரி ஃபேர்லேண்ட்ஸ். அந்தத் தேதியில் நாங்கள் ஃபேர்லேண்ட்ஸில் இல்லவே இல்லை. இருபது வருடமாகப் பழகிய மனிதர் என்பதால் அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். புது வாடிக்கையாளர் என்றால் நம்மை என்னவென்று நினைத்திருப்பார்?

மென்பொருள் எழுதத் தெரிந்த உறவுக்காரத் தம்பி ஒருவரிடம் காட்டினோம். பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்த எங்களுக்கும் புரியும்படி அவர் விளக்கினார். அந்த மென்பொருள் பில்லைச் சேமித்து வைப்பதே இல்லை. வாங்கியவர் யார், என்ன சரக்கு, எத்தனை, என்ன விலை என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது. பிரிண்ட் பட்டனை அழுத்தும்போது வரி விகிதத்தை இன்றைய சரக்குப் பட்டியலிலிருந்தும், முகவரியை இன்றைய பதிவிலிருந்தும் எடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரு வலைப்பக்க அச்சில் நிரப்பி, அந்த நிமிடத்தில் பி.டி.எஃப். ஆக்கித் தருகிறது. நாம் 'நகல் எடு' என்று நினைத்து அழுத்துகிறோம். அது 'புதிதாக எழுது' என்று எடுத்துக்கொள்கிறது.

இங்கே கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வது நல்லது. வலைப்பக்கம் எச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதப்படுவது. இது தலைப்பு, இது அட்டவணை, இது ஒரு வரிசை என்று அது சொல்லும். தாளில் எந்த எழுத்து எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் திறந்து காட்டும் கருவியிடம் விட்டுவிடும். திரையின் அகலத்தையும் கையிலிருக்கும் எழுத்துருவையும் பார்த்து அந்தக் கருவி அடுக்கிக்கொள்ளும். அடோபி நிறுவனம் 1993ல் கொண்டுவந்து, 2008ல் உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரமாக ஆன பி.டி.எஃப். அப்படியல்ல. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது அதில் நிலையாகிவிடுகிறது. நம் பாஷையில் சொன்னால், வலைப்பக்கம் குவித்து வைத்த தானியம், பி.டி.எஃப். எடை போட்டுத் தைத்த மூட்டை. தைத்த மூட்டையை அடுக்கி வைக்காமல், கேட்கும்போதெல்லாம் புதிதாக அள்ளித் தைத்துத் தந்தால் எடை எப்படி ஒன்றாக இருக்கும்?

சர்வரில் இந்தத் தையல் வேலையை இரண்டு விதமாகச் செய்கிறார்களாம். ஒன்று, குரோம் போன்ற உலாவியைத் திரையில்லாமல் ஓடவிட்டு அதன் மூலம் பி.டி.எஃப். எடுப்பது. மற்றது, எச்.டி.எம்.எல்.லைத் தானே படித்து அடுக்கும் டாம்பி.டி.எஃப்., எம்.பி.டி.எஃப். போன்ற தனி நூலகங்களைக் கொண்டு செய்வது. எதில் செய்தாலும் கருவி மாறினால் தோற்றமும் மாறலாம். பல ஆண்டுகள் பலர் நம்பியிருந்த டபிள்யூ.கே.எச்.டி.எம்.எல்.டு.பி.டி.எஃப். என்ற கருவியின் வளர்ச்சிப் பணி 2023ல் அதிகாரபூர்வமாக முடித்து வைக்கப்பட்டது. அதை வைத்துப் பில் போட்டவர்கள் வேறு கருவிக்கு மாற வேண்டிய நிலை.

சட்டமோ நம்மிடம் நீண்ட காலக் கணக்கு கேட்கிறது. ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2025-26ஆம் ஆண்டின் ரிட்டனுக்குக் கெடு 2026 டிசம்பர் 31 என்று எடுத்துக்கொண்டால், அந்த நெய் பில் 2032 டிசம்பர் வரை நம்மிடம் இருந்தாக வேண்டும். அதற்குள் மென்பொருள் எத்தனை முறை மாறும், அதை விற்ற கம்பெனி இருக்குமா, வரி இன்னும் எத்தனை முறை ஏறி இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இ-இன்வாய்ஸ் இருக்கிறதே, பயமில்லை என்று சிலர் சொல்லலாம். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் அது வந்துவிட்டது. அந்தப் பில்லில் அச்சாகும் க்யூ.ஆர். சதுரத்தில் இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் மின் கையொப்பத்தோடு இருக்கின்றன. அது மாறாது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பில்லை அச்சடிப்பது நம் மென்பொருள்தான். சதுரம் 56,000 என்றும் தாள் 52,500 என்றும் சொன்னால், தன் பில்லே தனக்கு எதிர்சாட்சி. 5 கோடிக்குக் கீழே உள்ள நம் சில்லறை அன்பர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சதுரமும் இல்லை. அவர்களுக்கு பி.டி.எஃப். ஒன்றுதான் சாட்சி.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிகோடில் 'நெ' என்ற எழுத்து, முதலில் 'ந', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அச்சிடும் கருவிதான் கொம்பை முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டும். தமிழ் அடுக்கத் தெரியாத கருவி அதைப் பின்னாலேயே விட்டுவிடும். நெய்யின் கொம்பு 'ய'வின் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொத்தமல்லி'யில் கொம்பும் காலும் சிதறும். திரையில் சரியாகத் தெரிந்தது தாளில் இப்படி உடையும்போது, பலர் எதற்கு வம்பு என்று ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். நாம் போக வேண்டியதில்லை. தமிழைச் சரியாக அடுக்கும் கருவிகள் இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே மென்பொருள் வாங்குமுன் அல்லது சந்தா புதுப்பிக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, பில் போட்ட அன்றே பி.டி.எஃப். ஒரு முறை உருவாகி அப்படியே சேமிக்கப்படுகிறதா, அல்லது கேட்கும்போதெல்லாம் புதிதாகத் தயாராகிறதா? இரண்டாவது, எழுத்துரு அந்த பி.டி.எஃப்.புக்குள்ளேயே பதிக்கப்படுகிறதா? நீண்ட காலச் சேமிப்புக்கென்றே பி.டி.எஃப்./ஏ என்ற ஐ.எஸ்.ஓ. தரம் 2005 முதல் இருக்கிறது. எழுத்துரு உள்ளே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூன்றாவது, நாற்பது சரக்கு உள்ள நீண்ட பில்லில் தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறதா, மொத்தத் தொகை மட்டும் தனியே அடுத்த தாளுக்குத் தள்ளப்படுகிறதா? தமிழ்ப் பெயர்களோடு ஒரு பில் போட்டுத் தாளில் எடுத்துப் பாருங்கள். நான்காவது, நம் பில்கள் அனைத்தையும் மாதம் ஒரு முறை நம் கைக்கே எடுத்துக்கொள்ள வழி உண்டா?

இடம் பிடிக்கும், செலவாகும் என்று பதில் வரலாம். கணக்குப் போடுவோம். ஒரு பில் 100 கே.பி. என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 பில், வருடத்துக்கு 300 நாள். 30,000 பில்லுக்கு 3 ஜி.பி. ஏழு வருடத்துக்கு 21 ஜி.பி. இது ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். பழைய பில் புத்தகங்களுக்குப் பரணே போதாமல் திண்டாடிய நமக்கு இது பாரமா?

பில்லில் தவறு இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் கிரெடிட் நோட், டெபிட் நோட் இருக்கின்றன. அந்தக் காலத்திலும் பில் புத்தகத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுத மாட்டோம். குறுக்கே கோடு போட்டு, அடுத்த தாளில் எழுதுவோம். கிழித்த தாள் இருந்தால் கணக்குப்பிள்ளைக்கே தூக்கம் வராது.

எங்களுக்கு மென்பொருள் விற்றவர்களை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள். கேட்காதது எங்கள் தவறு. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நமது சங்கம் இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். மென்பொருள் கம்பெனிக்காரர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, எல்லார் முன்னிலையிலும் பழைய பில் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லலாம். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் கடையில் 2025 செப்டம்பர் 22க்கு முந்தைய பில் ஒன்றை, வரி மாறிய சரக்காகப் பார்த்து எடுத்து, அன்று கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால், உங்கள் வாடிக்கையாளர் போன் செய்வதற்கு முன் நீங்கள் மென்பொருள்காரருக்குப் போன் செய்யுங்கள்.