இரத்த அழுத்த மாத்திரை வாங்குவோர் கவனத்திற்கு

குன்னம் வட்டாரப் பொதுமக்களுக்கு, இவ்வட்டார மருந்து நுகர்வோர் விடுக்கும் வேண்டுகோள்:

உயர் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரை பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவதால், ஒரு மாத்திரைக்கு 5 ரூபாய் கூடினாலும், நாளொன்றுக்கு ஒன்று எனக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,825 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விற்றுக் காசு வரும்வரை கடனில் காலந்தள்ளும் குடும்பங்களில், பணமுடை வந்தால் முதலில் நிற்பது பெரியவர்களின் மாத்திரையே. அது நின்றால் பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகப் பழுதும் நெருங்கி வருகின்றன.

ஆம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை மருந்தின் மூலப்பெயர்கள். நிறுவனம் தானே சூட்டி விற்கும் பெயர் வணிகப்பெயர். இம்மருந்துகளின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன; மூலப்பெயரிலேயே விற்கப்படுவது ஜெனரிக் மருந்து எனப்படுகிறது. மருந்தும் அளவும் ஒன்றாயிருக்க விலை மட்டும் வேறுபடுவதற்கு விளம்பரமும் விற்பனைச் செலவும் இலாப விகிதமுமே பெரிதும் காரணம்.

2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்படுகிறது. சந்தையில் 1 விழுக்காடேனும் பங்குள்ள நிறுவனங்களின் விலைகளைச் சராசரி கண்டு, அதனுடன் கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்த்து அது கணக்கிடப்படுவதால், உச்சவிலைக்குக் கீழே மலிவான மாத்திரைகள் கிடைக்க இடமுண்டு. இரு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் பல அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாததால், அவற்றுக்கு இவ்வுச்சவிலை பொருந்தாது என்பதும் அறியத்தக்கது.

விலை குறைந்தது தரம் குறைந்தது என்ற ஐயம் பலரிடம் உண்டு. ஆயினும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மூலப்பெயரில் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகச் சோதனைக்குப் பின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மாத்திரைகள் இலவசம்; 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அவற்றை வீட்டுக்கே கொண்டுவருகிறது. விலை கொடுத்து வாங்குவோர்க்கு ஜெனரிக் மருந்து விற்கும் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் ஆயிரம் எனத் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் உள்ளன.

ஆகவே கீழ்க்கண்டவை கேட்டுக்கொள்ளப்படுகின்றன:

1. மருத்துவர் எழுதிய வணிகப்பெயருக்கு மாற்றாக வேறொன்றைத் தர மருந்தாளுநருக்குச் சட்டம் இடந்தராததால், மூலப்பெயரில் எழுதித் தருமாறு நோயாளிகள் மருத்துவரிடமே கேட்க வேண்டும். மருத்துவர்களும் அவ்வாறு எழுத முன்வர வேண்டும்.

2. ஒப்பிடும்போது மூலப்பெயர், மில்லிகிராம் அளவு, ஒரு மாத்திரையின் விலை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மெட்டோப்ரோலால் போன்றவற்றில் மெல்லக் கரையும் வகையும் சாதாரண வகையும் ஒன்றல்ல.

3. கடைகள் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அட்டையைப் பிரித்துச் சில மாத்திரைகள் மட்டும் விற்றாலும் அட்டை விலையின் விகிதத்திற்கு மேல் வாங்கக் கூடாது என்பது மேற்சொன்ன விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி.

4. மருத்துவரைக் கேளாமல் எவரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. மாற்றிய பின் சில வாரங்களில் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அட்டையின் ஆங்கில எழுத்தைப் படிக்க இயலாத பெரியவர்களுக்காக, வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் மூலப்பெயரையும் அளவையும் விலையையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது அதை உடன் கொண்டுசெல்லச் செய்ய வேண்டும்.