எட்டு பிட் எப்போதிலிருந்து?

"ஒரு பைட் என்றால் எட்டு பிட். கணிப்பொறி பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான்" என்று எழுதுகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். முதல் வாக்கியம் இன்றைக்குச் சரி. இரண்டாவது சுத்தப் பொய்.

பைட் என்ற சொல்லை 1956-இல் உருவாக்கியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ். ஸ்ட்ரெட்ச் எந்திரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அதில் பைட்டின் நீளம் ஒன்று முதல் எட்டு பிட் வரை எதுவாகவும் இருக்கலாம். பி.டி.பி-10 எந்திரத்தில் இன்னும் தாராளம். 36 பிட் வேர்டுக்குள் வேண்டிய அளவில் வெட்டிக்கொள்ளலாம். எட்டு என்று ஊன்றியது 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்கிறீர்களா? கணக்கு கெடுகிறது ஐயா! ஐ.பி.எம். 7090-க்கு 32,768 வேர்ட் நினைவகம். உடனே "வெறும் 32 கிலோபைட்!" என்று சிரிக்கிறார்கள். அந்த வேர்ட் ஒன்றுக்கு 36 பிட். பெருக்கி எட்டால் வகுத்தால் 1,47,456 பைட் வரும். பி.டி.பி-8 எந்திரத்தின் வேர்ட் 12 பிட், சி.டி.சி. 6600-இல் 60 பிட். ஊருக்கொரு படி இருந்த காலத்தில் "நாலு படி அரிசி" என்று சீட்டு வந்தால், எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் எந்த குமாஸ்தா கையெழுத்துப் போடுவான்?

36 என்ன கிறுக்குத்தனமான எண் என்று கேலி வேறு. அதில் ஆறு பிட் எழுத்துகள் ஆறு அடங்கும். பத்து இலக்க எண்ணும் அதன் கூட்டல் கழித்தல் குறியும் அடங்கும். ஆறு பிட்டில் 64 குறிகள்தான். ஆங்கிலப் பெரிய எழுத்து, எண்கள், நிறுத்தக்குறிகள் வந்து உட்கார்ந்தால் சின்ன எழுத்துக்கே இடமில்லை. (நாங்கள் பள்ளியில் தலையில் குட்டு வாங்கிப் படித்த பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளின் கதி கேட்கவே வேண்டாம்.) எட்டுக்குப் போனதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் பைட் என்று சொல்வதில்லை, 'ஒக்தே' என்பார்கள். எட்டு என்பது பெயரிலேயே இருக்கிறது. படித்த மொழி மீதுள்ள பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: 1981-இல் வந்த இன்டர்நெட் புரோட்டோகால் ஆவணமும் செய்தியின் நீளத்தை 'ஆக்டெட்' கணக்கில்தான் சொல்கிறது. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, "1964-க்குப் பிறகு" என்றாவது சேர்க்கட்டும்.