மிக்கி மவுஸ் நோட்டில் சேமிக்கலாமா?

அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனி 1987 மே மாதம் தொடங்கி 2016 மே மாதம் வரை சொந்தமாக நோட்டு அச்சடித்து விற்றது. டிஸ்னி டாலர் என்று பெயர். ஒரு டாலர் கொடுத்தால் ஒரு டிஸ்னி டாலர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு டாலர் நோட்டில் மிக்கி, ஐந்து டாலர் நோட்டில் கூஃபி, 1989-இல் சேர்ந்த பத்து டாலர் நோட்டில் மின்னி. கஜானா அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தில் ஸ்க்ரூஜ் மெக்டக் என்கிற கஞ்ச வாத்தின் கையெழுத்து! வரிசை எண்ணும் உண்டு. கள்ள நோட்டு அடித்துவிடாமல் இருக்க மினுமினுக்கும் துகள்களும் உண்டு. அந்தக் கம்பெனியின் பூங்காக்களில் செல்லும், கடைகளில் செல்லும், கப்பலில் கூடச் செல்லும். பூங்காவுக்கு வெளியே தெருமுனையில் ஒரு காபி குடிக்கச் செல்லாது.

எல்லைக்குள் மட்டும் செல்லும் நோட்டு நம் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'பாங்க் த லாந்தோஷின்' வெளியிட்ட ரூபாய் நோட்டுகள் இங்கே புழங்கின. என் தகப்பனார் பெட்டியில் அவற்றில் இரண்டு, வேட்டி மடிப்புக்குள் பல காலம் கிடந்தன. ஆனால் அது அரசாங்கத்தின் உத்தரவோடு ஒரு வங்கி வெளியிட்ட பணம். ராட்டினம் சுற்றுகிற கம்பெனி நோட்டு அடிப்பதும், அதை ஜனங்கள் வாங்கிச் சேர்த்து வைப்பதும் எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

2003-இல் மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தேன். சமையலறை மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் டின். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சம்பளம் வந்ததும் மருமகள் அங்காடியிலுள்ள டிஸ்னி கடைக்குப் போய் இருபது டாலருக்கு இந்த நோட்டு வாங்கி வந்து அதில் போட்டுவிடுவாள். இரண்டு வருடம் சேர்த்து ஃப்ளோரிடா போவதாகத் திட்டம். முப்பது வருடம் பில் பாஸ் பண்ணிய கை சும்மா இருக்குமா? உடனே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 520 டாலர், இரண்டு வருடத்தில் 1,040. படிப்படியாகச் சேருவதால் சராசரி இருப்பு அதில் பாதி. இந்த நோட்டு தொடங்கிய 1987-இல் அமெரிக்க வங்கிகள் சேமிப்புக்கு 5 சதவீதம் போலக் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த வட்டியில் இரண்டு வருடத்துக்கு 52 டாலர் நஷ்டம். 2003-இல் ஒரு சதவீதம் கிடைப்பதே அரிது. அப்படியானால் நஷ்டம் பத்து டாலர்.

மருமகள் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, வங்கியில போட்டா கார் பிரேக் மாத்தணும், பல் டாக்டருக்குக் கட்டணும்னு போயிடும். இந்த நோட்டை எந்த மெக்கானிக்கும் வாங்க மாட்டான்."

அந்தப் பத்து டாலர் காவல்காரன் கூலி. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

படித்தவர்கள் பலர் இந்த மாதிரிச் சேமிப்பைக் கேலி செய்கிறார்கள். வட்டியில்லாமல் பணக்காரக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிற மடமை என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அமெரிக்காவிலேயே இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட முன்மாதிரி இருக்கிறது. 1909-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் என்ற சிற்றூர் வங்கி ஒன்று 'கிறிஸ்துமஸ் கிளப்' என்று தொடங்கியது. வாரா வாரம் சிறு தொகை கட்ட வேண்டும், டிசம்பர் நெருங்கும்போதுதான் கையில் வரும். இந்த வகைக் கிளப்புகள் பலவற்றில் வட்டி சொற்பம் அல்லது பூஜ்யம். ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதன் தன் பணத்தையெல்லாம் ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை, மனசுக்குள்ளேயே தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறான் என்பது அவர் கட்சி.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு நோபல் பரிசு வேண்டியதில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைக்காத வீடு நம்மிடையே எத்தனை? குழந்தைக்கு ஜுரம் என்று குலதெய்வத்துக்கு முடிந்த காசை, வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் எடுக்க மாட்டார்கள். வட்டி கிடையாது, பாஸ்புக் கிடையாது. ஒரு முடிச்சு மட்டும்தான். இந்திய ரிசர்வ் வங்கியால் கூட அவ்வளவு பத்திரமாக வைக்க முடியாது.

பெயர் வைக்காத பணம் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் செக்‌ஷனில் பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர், மனைவியோடு காசி போக வேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வங்கியில் போட்டுவந்தார். சாதாரண சேமிப்புக் கணக்கு. எல்.டி.சி. கொடுப்பது ரயில் கட்டணம்தானே, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காரியங்களுக்கும் கையில் வேண்டும். முதல் தடவை சேர்ந்த பணம் மாடி ஒழுகலுக்குப் போயிற்று. இரண்டாம் தடவை பெரியவனின் காலேஜ் கட்டணம். மூன்றாம் தடவை மைத்துனன் கல்யாணம். எதுவும் வீண்செலவு இல்லை, ஒன்றைக் கூட மறுத்திருக்க முடியாது. 2006-இல் ஓய்வு பெற்றார், 2011-இல் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாள் பிற்பாடு ஒரு யாத்திரைக் குழுவோடு தனியாகப் போய்வந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு கங்கைச் சொம்பு கொடுத்தார். அவருக்கு யாராவது காசியில் மட்டும் செல்லுகிற நோட்டு ஒன்றை விற்றிருந்தால், வட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஆகவே பூட்டு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் என் வாதம். மஞ்சள் துணியின் முடிச்சு நம் வீட்டு மாடத்தில் இருக்கிறது. டிஸ்னி டாலரில் சாவி, நமக்குச் சரக்கு விற்கப் போகிறவனிடமே இருந்தது. பூங்கா நுழைவுச் சீட்டு 1987-இல் முப்பது டாலருக்குள் இருந்தது. ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் சீட்டு 2015-இல் நூறு டாலரைத் தாண்டியது. விலையை ஏற்றுகிறவனும் அவன்தான், ஒரு டாலர் நோட்டை ஒரு டாலராகவே வைத்திருக்கிறவனும் அவன்தான். முன்பணம் கட்டியவருக்குப் பழைய விலையிலாவது சீட்டு கொடுத்தால் நியாயம் என்பேன். அது நோட்டில் எழுதப்படவில்லை.

இன்னொரு விஷயம், மருமகள் வீட்டிலேயே கண்டது. அந்த நோட்டு அழகாக இருக்கும். அழகாக இருப்பதால்தான் டின்னில் தனியாக நின்றது, பேத்தி தினம் எடுத்து எண்ணிப் பார்த்தாள், வீட்டில் யாருக்கும் தொட மனசு வரவில்லை. அதே அழகினால்தான் ஃப்ளோரிடாவில் கடைசி நாள், "இதைச் செலவழிக்கக் கூடாது தாத்தாவுக்குக் காட்டணும்" என்று ஒரு மிக்கி நோட்டைக் குழந்தை கையில் இறுக்கிக்கொண்டது. இன்றும் அது அவளுடைய ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஒரு டாலருக்குக் கம்பெனி எதுவும் கொடுக்கவில்லை, இனிக் கொடுக்கப் போவதுமில்லை. 29 வருடத்தில் இப்படி எத்தனை ஆல்பம்! சேமிக்கிறவருக்குக் காவலாக நிற்கிற அழகு, விற்றவனுக்கு லாபமாகவும் நிற்கிறது. இதில் மோசடி ஒன்றும் இல்லை, ஆனால் கணக்கு எழுதும்போது இரண்டு பக்கமும் எழுத வேண்டும் அல்லவா?

கம்பெனிக்கு உரிய நல்ல பெயரையும் கொடுத்துவிடுகிறேன். 2016-இல் விற்பனையை நிறுத்தியபோது, ஏற்கெனவே விற்ற நோட்டு செல்லாது என்று சொல்லவில்லை. பழைய நோட்டைப் பூங்காவில் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாரும் அப்படி இருந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்ற கம்பெனி கிறிஸ்துமஸ் பலகாரக் கூடைக்கும் பரிசுச் சீட்டுகளுக்கும் வருடம் முழுவதும் தவணை வாங்கியது. கட்டியவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக் குடும்பங்கள். 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அது திவாலானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் போயிற்று. பல வருடம் இழுத்துக் கடைசியில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. அந்த வருடம் அந்த வீடுகளில் குழந்தைகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பதை நினைத்தால், என்னுடைய பத்து டாலர் வட்டிக் கணக்கு அற்பமாகத் தெரிகிறது.

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சிலர் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளட்டும். 1936-இல் லெயோன் ப்ளூம் அரசாங்கம் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை கொடுத்ததை எங்கள் சரித்திர ஆசிரியர் கண் கலங்கச் சொல்லிக்கொடுத்தார். லீவு கிடைத்துவிட்டது, ஆனால் கையில் காசில்லாதவன் எங்கே போவான்? அதற்கு ஒரு வழியாக 1982 மார்ச் மாதம் ஒரு அவசரச் சட்டத்தின் மூலம் 'ஷெக் வக்கான்ஸ்' என்ற விடுமுறைக் காசோலையைக் கொண்டுவந்தார்கள். பாரிஸ் புறநகரில் இருக்கும் என் தங்கை கணவர் வேலையில் இருந்தவரை வருடா வருடம் அதில் சேர்ந்திருக்கிறார்.

அது எப்படியென்றால், தொழிலாளி சம்பளத்திலிருந்து ஒரு பங்கு போடுவார், மீதியை முதலாளி போடுவார். முதலாளியின் பங்கு காசோலை மதிப்பில் 20 சதவீதத்துக்குக் குறையாது, 80 சதவீதத்தைத் தாண்டாது, சம்பளம் குறைந்தவருக்கு அதிகம். இந்தக் காசோலையும் மெக்கானிக்கிடம் செல்லாது. ஆனால் ரயிலில் செல்லும், விடுதியில் செல்லும், சாப்பாட்டுக் கடையில், மியூசியத்தில், கேளிக்கைப் பூங்காவில் செல்லும். எங்கே செலவழிப்பது என்பது நம் இஷ்டம். பணத்தை வைத்திருப்பது அதற்கென்றே அரசாங்கம் அமைத்த ஒரு பொது நிறுவனம். சரக்கு விற்கிறவனுக்கு அதில் கை இல்லை. குறையும் உண்டு. காகிதக் காசோலைக்குக் கெடு இருக்கிறது, வெளியிட்ட வருடத்துக்குப் பின் இரண்டு வருடம்தான். தங்கை ஒருமுறை அலமாரியில் மறந்துவைத்துவிட்டு, மாற்றிக்கொள்ள மனு எழுதிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு அலுவலகத்துக்கு மனு எழுதுவது எப்படி என்று எனக்குப் போன் செய்து கேட்டாள், நாற்பது வருடமாக அங்கேயே இருப்பவள்!

அமெரிக்காவில் இப்போது அந்த நோட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பரிசு அட்டை. அதை யாரும் எண்ணிப் பார்த்து மகிழ முடியாது என்று மருமகளுக்குக் குறை. ஆனால் சட்டம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2009-இல் வந்த சட்டப்படி பரிசு அட்டையில் போட்ட பணம் ஐந்து வருடத்துக்குள் காலாவதியாகக் கூடாது. சில பெரிய கடைகளில் அவர்களுடைய கார்டைத் தேய்த்து இந்த அட்டையை வாங்கினால் ஐந்து சதவீதம் தள்ளுபடியும் உண்டாம். அப்படிக் கிடைத்தால் வங்கி வட்டியைவிட லாபம்தான், தாராளமாக வாங்கட்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், இந்தப் பழக்கம் வேறு உருவத்தில் நம் தெருவுக்கும் வந்திருப்பதுதான். நகைச்சீட்டு உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் 11 மாதத்தோடு நிற்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்று 2014-ஆம் வருடக் கம்பெனி விதி சொல்கிறது. அதற்குமேல் போனால் ஆயிரம் கட்டுப்பாடு. இப்போது நகைக்கடையைப் பார்த்து சுற்றுலாக் கம்பெனிகளும் தவணை வாங்கத் தொடங்கியிருக்கின்றன. கையில் பென்ஷன், பிள்ளைகள் வெளிநாட்டில், கண் பார்வை இருக்கும்போதே நாலு இடம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்று நம் வயதுக்காரர்களைக் குறிவைத்தே விளம்பரம் வருகிறது. ஆசையில் தப்பில்லை. தபால் ஆபீஸ் ஆர்.டி. ஒன்றை அந்தப் பயணத்துக்கென்றே தொடங்கி, பாஸ்புக் அட்டையில் 'காசி' என்றோ 'பாரிஸ்' என்றோ பேனாவால் எழுதிவிடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வட்டி வரும், சாவி நம்மிடம் இருக்கும், நடுவில் எடுக்கப்போனால் அந்தப் பெயர் நம்மைப் பார்க்கும்.

போன மாதம் அப்படி ஒரு சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். 24 மாதம் கட்டினால் ஐரோப்பா. மூன்று கேள்வி கேட்டேன். என் பணம் தனிக் கணக்கில் இருக்குமா? "கம்பெனி கணக்குல இருக்கும் சார், பயப்படாதீங்க." உடம்பு முடியாமல் போய், நான் வரமுடியவில்லை என்றால்? "வேற டூருக்கு மாத்திக்கலாம் சார், பணமா திரும்பாது." இரண்டு வருடம் முன்கூட்டியே கட்டுகிறேனே, அதற்கு எனக்கு என்ன கொடுப்பீர்கள்?

"டிராலி பேக் ஒண்ணு ஃப்ரீ சார்."