பத்து நிமிஷத்தில் ஒரு பொடிமாஸ்

சமையலைப் பற்றி எழுத இவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். இருபது வருஷ காலமாகப் பையன்களுக்குத் தமிழும் சரித்திரமும் கற்பித்து வருகிறவன் நான். இரண்டு மாதத்துக்கு முன்பு வரையில் என் கையால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் குடித்தவன் அல்லன். அப்படிப்பட்டவன் இந்த வாரம் வாணலியும் கையுமாக உங்கள் முன் வந்து நிற்பதற்குக் காரணம், என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

ஒரு திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனை முடியும் தறுவாயில் அவன் வரிசையிலிருந்து சரிந்து விழுந்தான். தூக்கிக் கொண்டு போய் ஆசிரியர் அறையில் பெஞ்சியில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்தான்.

"காலையில் சாப்பிட்டாயா, அப்பா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன், ஸார்."

"என்ன சாப்பிட்டாய்?"

சற்றுத் தயங்கினான். "டீ, ஸார்" என்றான்.

பிறகு சிறிது சிறிதாக விஷயம் வெளி வந்தது. தகப்பனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. தாயார் ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். காலை ஐந்தரை மணிக்கே வண்டி வந்து விடும். தங்கை மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டி வழங்கும் திட்டத்தை 2022-ம் வருஷத்தில் நமது மாகாண அரசு தொடங்கியதல்லவா? அதன் புண்ணியத்தில் அந்தக் குழந்தைக்குப் பள்ளியிலேயே ஆகாரம் கிடைத்து விடுகிறது. ஆனால் அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்று விடுகிறது. அண்ணனுக்கு மத்தியான உணவு தான் அன்றைய முதல் உணவு. முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவன் மறு நாள் பன்னிரண்டரை மணிக்குத் தான் மறுபடி சாப்பிடுகிறான். பதினாறரை மணி நேரம்! வளருகிற பிள்ளை!

"அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பட்டுமா?" என்றேன்.

பையன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். "வேண்டாம், ஸார்! அம்மாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் காலை வேலையை விட்டு விடுவாள். அந்தச் சம்பளத்தில் தான் வீட்டு வாடகை கொடுக்கிறோம்" என்றான்.

எனக்குப் பேச்சு எழவில்லை. ஒரு பக்கம் பையனுடைய தேகம். மற்றொரு பக்கம் ஒரு குடும்பத்தின் கூரை. அன்று மாலை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். வியாதி ஒன்றும் இல்லை, கொஞ்சம் இரத்தக் குறைவு, காலையில் சத்துள்ள ஆகாரம் கொடுத்தால் போதும் என்றார். மருந்துச் சீட்டை விட அந்த வாக்கியம் தான் எனக்குக் கனமாக இருந்தது.

"வீட்டில் அரிசி, காய்கறி எல்லாம் இருக்கிறதா?" என்று வழியில் கேட்டேன்.

"இருக்கிறது, ஸார். முட்டை கூட அம்மா வாங்கி வைப்பாள். எனக்குத் தான் அடுப்பு மூட்டத் தெரியாது. ஆம்பிளைப் பையன் என்று அம்மா விட மாட்டாள்."

அதாவது, வீட்டில் உணவு இருக்கிறது. உண்ணும் வயிறும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சமைக்கத் தெரியாமை என்னும் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை எழுப்பியவர்கள் பெரியவர்களாகிய நாம் தான். "ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வா. சமையல் கற்றுக் கொண்டு, மாலையில் நாம் இருவரும் போய் அம்மாவிடம் சொல்வோம்" என்று தைரியமாகச் சொல்லி விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு தான், எனக்கும் அடுப்பு மூட்டத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது!

என் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். "நல்லது. மாணவர்கள் மூன்று பேர்: அந்தப் பையன், நம் பையன், நீங்கள்" என்றாள்.

என் தாயார் மட்டும் சம்மதிக்கவில்லை. "ஆண் பிள்ளைகளுக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை?" என்றாள்.

"பசி ஆண், பெண் பார்த்தா வருகிறது, அத்தை?" என்றாள் என் மனைவி.

"அது போகட்டும். முட்டையா சமைக்கப் போகிறீர்கள்?"

என் தாயார் முட்டை தொடாதவள். காந்தி மகாத்மாவிடம் அளவற்ற பக்தி கொண்டவள். 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது மகாத்மா ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சேவலைக் காணாமலே கோழி இடும் முட்டையிலிருந்து குஞ்சு பிறக்காது என்றும், பால் அருந்துகிறவர்கள் அத்தகைய முட்டையை ஆட்சேபிக்கக் காரணமில்லை என்றும் அதில் அவர் கருத்துச் சொல்லியிருக்கிறார். அதை அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். இன்று நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டை அவ்வகையானதே. அம்மா சற்று நேரம் யோசித்தாள். "மகாத்மா சொன்னால் சரி. நான் சாப்பிட மாட்டேன், சாப்பிடுகிறவனைத் தடுக்கவும் மாட்டேன்" என்றாள். சொன்னதோடு நில்லாமல், சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து மேற்பார்வையும் செய்தாள்.

இனி, அன்று கற்ற பாடத்தைச் சொல்கிறேன்.

இருவருக்கு வேண்டிய சாமான்கள்: முட்டை 3; பெரிய வெங்காயம் 1; சிறிய காரட் 1; பொடியாக நறுக்கிய கோஸ் ஒரு பிடி; ஆய்ந்து கழுவிய முருங்கைக் கீரை ஒரு பிடி; தக்காளி 1; பச்சை மிளகாய் 1; மஞ்சள் பொடி ஒரு சிட்டிகை; மிளகுப் பொடி கால் தேக்கரண்டி; நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி; உப்பு; அரை எலுமிச்சம்பழம். இவை எல்லாம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டில் எந்தக் காய் இருக்கிறதோ அதைப் போடலாம். வெண்டைக்காய் மட்டும் வேண்டாம். அதன் வழவழப்பு இதற்கு ஒவ்வாது.

முதலில் முட்டையைப் பார்க்க வேண்டும். ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டால் புது முட்டை அடியில் படுத்துக் கொள்ளும். பழைய முட்டை எழுந்து நிற்கும் அல்லது மிதக்கும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் உண்டு. நாளாக ஆக அவற்றின் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்று நிறைகிறது, ஆகையால் மிதக்கிறது. மிதப்பதை ஒதுக்கி விடுக. விரிசல் கண்ட முட்டையையும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, பிறகு மற்றதோடு சேர்ப்பது உத்தமம். ஒரு கெட்ட முட்டை இரண்டு நல்ல முட்டைகளைப் பாழாக்கி விடும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறு சாமானைத் தொட வேண்டும்.

காய்களை எல்லாம் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே நறுக்கி வைத்துக் கொள்ள வேண்டும். "அடுப்பு எரியும்போது அரிவாள்மணையைத் தேடாதே" என்பது என் தாயாரின் உபதேசம். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயமும் மிளகாயும் போட்டு ஒரு நிமிஷம் வதக்க வேண்டும். அடுத்தபடி துருவிய காரட்டும் கோஸும். இவை இரண்டு நிமிஷத்தில் பதமாகும். பிறகு தக்காளி, மஞ்சள் பொடி, உப்பு. கடைசியில் கீரை. கடினமானது முதலில், மெல்லியது பின்னால் என்பதே வரிசை.

இங்கே தான் நானும் என் பையனும் தவறு செய்தோம். தக்காளியின் நீர் சுண்டுவதற்கு முன் முட்டையை ஊற்றி விட்டோம். எங்களுக்குக் கிடைத்தது பொடிமாஸ் அல்ல. ஒரு விதக் கூழ். காயின் ஈரம் வற்றி, வாணலியின் அடி தெரிய வேண்டும். அதுவரையில் பொறுமை. அந்த மாணவன் மட்டும் பொறுமையாகக் காத்திருந்தான். பசி அறிந்தவன் அவசரப்படவில்லை!

இப்போது தீயைக் குறைத்து, நுரைக்க அடித்து வைத்த முட்டையை ஊற்ற வேண்டும். ஊற்றியவுடன் கிளறக் கூடாது. அரை நிமிஷம் விட்டு, ஓரம் கெட்டிப்படும்போது தோசைத் திருப்பியினால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டிக் கொடுக்க வேண்டும். முட்டையின் வெண்கரு சுமார் 62 டிகிரி உஷ்ணத்திலும், மஞ்சள் கரு அதற்குச் சற்று மேலும் உறையத் தொடங்குகின்றன. தண்ணீர் கொதிப்பதற்கு வேண்டிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்கே போதும் என்று ஏற்படுகிறது. பெருந்தீயில் வைத்தால் புரதம் இறுகிச் சுருங்கித் தன்னிடமுள்ள நீரைக் கக்கி விடும். ரப்பர் மாதிரி ஆகும். அதற்காக வேகாமல் இறக்கவும் கூடாது. திரவம் எங்கும் ஓடாமல் முழுதும் உறைந்து, ஆனால் ஈரப்பசை மாறாமல் இருக்கும் தருணத்தில் அடுப்பை அணைத்து, மிளகுப் பொடி தூவி, எலுமிச்சம் பழத்தைப் பிழிய வேண்டும். நறுக்கும் நேரம் நீங்கலாகப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

இரண்டு சப்பாத்தியோ, முதல் நாள் சாதத்தில் ஒரு பிடியோ இதனுடன் சேர்ந்தால் காலை ஆகாரம் பூர்த்தியாகி விடும்.

இதன் குணம் என்ன? சாதாரண முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஏ, டி, பி 12 முதலிய வைட்டமின்களும் உண்டு. ஆனால் முட்டையில் வைட்டமின் ஸி கிடையாது. நார்ச் சத்தும் கிடையாது. இந்த இரண்டு குறையையும் நிவர்த்திப்பவை காய்கறிகள். காரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் சத்து கொழுப்போடு சேர்ந்தால் தான் உடலில் நன்றாகச் சுவறும். அந்தக் கொழுப்பை மஞ்சள் கருவும் எண்ணெயும் தருகின்றன. கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்றுக் கொள்வதற்கு எலுமிச்சையின் வைட்டமின் ஸி துணை செய்கிறது. சூட்டில் அது நசித்துப் போகுமாதலால் தான் இறக்கிய பிறகு பிழியச் சொன்னேன். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நல்ல குடும்பத்துக்கும் இதுவே லட்சணம்.

பச்சை முட்டையைக் குடித்தால் பலம் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. வெந்த முட்டையின் புரதமே நன்றாக ஜீரணமாகிறது. பச்சை வெண்கருவிலுள்ள ஒரு பொருள் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக் கொண்டு உடலுக்குக் கொடுக்க மறுக்கிறது. வெந்தால் அதன் பிடி தளர்ந்து விடும். நோய்க் கிருமிகளும் வேகவைத்தால் அழியும்.

முட்டை உண்ணாத வீட்டார் வருந்த வேண்டாம். முட்டைக்குப் பதிலாக 100 கிராம் பனீரை உதிர்த்தோ, முளை கட்டிய பச்சைப் பயற்றை வேகவைத்தோ இதே முறையில் சேர்க்கலாம். என் தாயாருக்கு அன்று பயற்றில் தான் செய்தோம். வேறு வாணலியில் என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று மாலை பையனோடு அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் அவன் தாயாரிடம் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வாடி விட்டது. "என்னிடம் ஏன்டா சொல்லவில்லை? நாளையிலிருந்து நான் போகவில்லை, ஸார்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பையன் எழுந்து அடுப்பண்டை போனான். வெங்காயத்தை நறுக்கினான். நானும் அவளும் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தோம். தக்காளியின் நீர் சுண்டும் வரையில் காத்திருந்தான்; தீயைக் குறைத்தான்; முட்டையை ஊற்றினான். ஒரு தட்டில் வைத்துக் கொண்டு வந்து தாயாரின் கையில் கொடுத்தான்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். வெகு நேரம் மென்றாள். "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றாள்.

மறு நாள் ஐந்தரை மணி வண்டிக்கு வழக்கம் போல் அவள் வேலைக்குப் போனாள். பையன் காலை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்கு வந்து விட்டான். அருகில் சென்றபோது அவன் கையில் வெங்காய மணம் வீசியது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பையன் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை அடுப்பங்கரைக்கு அழையுங்கள். முதல் சில நாள் பக்கத்தில் நின்று, தீயிலும் கத்தியிலும் கவனம் இருக்கக் கற்றுக் கொடுங்கள். கணக்கும் சரித்திரமும் நாங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். பசித்தவன் தன் பசியையும் பிறர் பசியையும் தன் கையாலேயே தீர்க்கும் வித்தையை வீட்டில் தான் கற்க வேண்டும். தகப்பனார்களும் கூட வந்து நிற்கலாம். என் அனுபவத்தில், நாற்பது வயதுக்கு மேலும் அது வரும்.