கையா, மெஷினா? முதல்ல அந்தத் துணியைக் கீழ போடுங்க!

ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னைக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளம், கொஞ்சம் காட்டம். டீ வாங்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

கார் பெயிண்ட்ல வர்ற சிலந்தி வலைக் கீறல் பத்தித்தான். வெயில்ல நிறுத்தினா பானெட் மேல சூரியனைச் சுத்தி வட்ட வட்டமா மெல்லிசா தெரியுமே, அதேதான். ஸ்விர்ல் மார்க்னு பேரு. எங்க காட்டுமன்னார்கோயில்ல இதுக்கு ரெண்டு கட்சி உண்டு. "கையால தேய்ச்சா ஒண்ணும் ஆகாது, மெஷின் வச்சா பெயிண்ட் போயிடும்"னு ஒரு கட்சி. "கையெல்லாம் வேலைக்காவாது, வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின் போட்டுருங்க, புது வண்டி ஆயிடும்"னு இன்னொரு கட்சி. நம்ம பதிவர்கள்லயும் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கீங்க, தெரியும். என்னைக் கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தப்பைத்தான் பண்றீங்க. பாலிஷ்ங்கறது பெயிண்ட் மேல என்னத்தையோ பூசுற சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அது சுரண்டுற சமாச்சாரம்ங்க.

வீட்ல பழைய பித்தளை அண்டா இருந்தா எடுத்துப் பாருங்க. கொள்ளுப்பாட்டி பேர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்து பாதி காணாமப் போயிருக்கும். அண்டா அதைத் தாங்கும், ஏன்னா உள்ள வரைக்கும் பித்தளை. கார் அப்படியா? தகட்டு மேல துரு பிடிக்காம இருக்க ஒரு பூச்சு, அதுக்கு மேல ப்ரைமர், அப்புறம் கலர், கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே சுமாரா 100 மைக்ரான் சொச்சம்தான் வரும். அதுல கிளியர் கோட்டோட பங்கு 35லேருந்து 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான். கணக்கு போட்டுக்கோங்க. நீங்க லோன் போட்டு வாங்கின பளபளப்பு மொத்தமும் அரை முடி கனத்துல இருக்கு. வெயில்லேருந்து கலரைக் காப்பாத்துறதும் அதே அரை முடிதான், புற ஊதாக் கதிரைத் தடுக்கற ரசாயனம் அதுலதான் கலந்திருக்கு.

கீறல் விழறது இந்தக் கிளியர் கோட்ல. வயல்ல ஒரு பள்ளம் இருந்தா ரெண்டு டிப்பர் மண் அடிச்சு மேவிடலாம். இங்க மண் அடிக்க வழி கிடையாது. மிச்ச வயல் மொத்தத்தையும் பள்ளத்தோட அடிமட்டத்துக்கு வெட்டி இறக்கணும். பாலிஷ்னா இதுதான். மென்மையான பாலிஷ், நல்ல பேட், தெரிஞ்ச ஆளுன்னா ஓரிரு மைக்ரானோட போகும். முரட்டு ரப்பிங் காம்பவுண்டும் கம்பளி பேடும்னா அதுக்கு மேல. இதை வருஷா வருஷம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற மாதிரி பண்ணிட்டிருந்தா எத்தனை வருஷம் தாங்கும்?

"வட்டமா துடைச்சாத்தான் வட்டமா கீறல் விழும், நேரா துடைங்க"ன்னு ஒரு அறிவுரை ஊர் பூரா சுத்துது. சபீனா போட்டுத் தேய்ச்ச எவர்சில்வர் தட்டை லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க. பல்பைச் சுத்தி வட்டம் தெரியும். தலையை நகர்த்துங்க, வட்டமும் கூடவே நகரும். கீறல் எல்லாத் திசையிலயும்தான் இருக்கு. வெளிச்சத்துக்குக் குறுக்க ஓடுற கீறல் மட்டும் மின்னி நம்ம கண்ணுக்கு வருது, அதனால வட்டமா தெரியுது. நேரா துடைச்சாலும் தூசி இருந்தா கீறத்தான் செய்யும்.

அந்தத் தூசிக்கு வர்றேன். தை, மாசில சம்பா அறுவடை நேரத்துல சேத்தியாத்தோப்பு பக்கமோ குமராட்சி பக்கமோ ஒரு நடை வண்டில போய்ட்டு வாங்க. ரோட்டுலயே நெல்லு காயுது, வைக்கோல் கிடக்குது, காத்து பூரா சுணை. கையில பட்டாலே அரிக்கிற சுணை. உமிச் சாம்பல்ல 85 சதவீதத்துக்கு மேல சிலிக்காதான்னு சொல்வாங்க, நெல்லுக்கு அந்த வலு மண்ணுலேருந்து வந்தது. லால்பேட்டை வழியா வீராணம் ஏரிக்கரை ரோட்ல வந்தா புழுதி, மணல் லாரி பின்னாடி மாட்டினா மணல். மணல்ல இருக்கற குவார்ட்ஸ் கடினத்துல மோஸ் அளவுல 7. கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் அதுக்கு முன்னாடி வெண்ணெய்.

இத்தனையும் ராத்திரி வண்டி மேல படிஞ்சிருக்கு. காலைல என்ன நடக்குது? ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்து, தண்ணியே இல்லாம, பானெட்லேருந்து டிக்கி வரைக்கும் பக்தியா ஒரு துடைப்பு. வண்டியை நேசிக்கிறவர் ரெண்டு தடவை துடைப்பார். வாட்டர் சர்வீஸ்ல விட்டா இன்னும் விசேஷம். முன்னாடி டிராக்டர் சக்கரத்தைத் தேய்ச்ச அதே ஸ்பாஞ்ச், கீழ சேத்துல விழுந்து எழுந்த அதே ஸ்பாஞ்ச், உங்க கதவுக்கு வருது. ஸ்விர்ல் மார்க் எங்கேருந்து வருதுன்னு தேடவே வேண்டாம், காசு குடுத்துப் போட்டுக்கறோம். அப்புறம் அதை எடுக்க இன்னொரு காசு. எடுத்த மறுநாள் காலைல அதே பனியன் வேஸ்ட். எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

பழைய பெயிண்டர்களைக் குத்தம் சொல்ல நான் வரலை. அம்பாசடர் காலத்துல கத்துக்கிட்ட கை அது. (அந்த வண்டி தயாரிப்பே 2014ல நின்னு போச்சு.) அன்னைக்கு கலரே மேல் பூச்சு, தனியா கிளியர் கோட் கிடையாது. வெயில்ல வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆன மேல் தோலை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு எடுத்தா உள்ள புதுக் கலர் தெரியும். துணியில நீலமோ பச்சையோ ஒட்டும், எவ்வளவு போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும், கை தானா நிக்கும். அது உண்மையான தொழில் அறிவு. இப்ப அதே கை, அதே காம்பவுண்ட், கிளியர் கோட் மேல. அதுக்கு நிறம் இல்லாததால துணியில கலர் ஒட்டாது. "பாருங்க சார், துணில கலரே வரல, பெயிண்ட் போகவே இல்ல"ம்பாரு. போயிட்டுதான் இருக்கும், சாட்சிதான் காணோம். துணியில கலர் வர்ற அன்னைக்கு கிளியர் கோட் கதை முடிஞ்சிருக்கும்.

இப்ப கையா மெஷினா சண்டைக்கு வருவோம். கைக்கட்சிக்காரங்களே, விரல் அழுத்தம் ஒரே சீரா இருக்காது. நாலு விரலும் நாலு கோடு போடும். முரட்டு காம்பவுண்டை பஞ்சுலயோ காடாத்துணியிலயோ வச்சுக் கையால தேய்ச்சா, பழைய கீறல் போய் புதுக் கீறல் வரும், அவ்வளவுதான். மெல்லிசான பாலிஷை மெத்துனு இருக்கற ஃபோம்ல வச்சு கையால செய்யலாம். கதவுக் கைப்பிடிக்குப் பின்னாடி நகக் கீறல், எம்பளத்தைச் சுத்தி இருக்கற சந்து, மெஷின் நுழையாத இடம், இதுக்கெல்லாம் கைதான் சரி. முழு வண்டியும் கையால பண்றேன்னா தோள்பட்டை கழண்டுடும், பாதிலயே அவசரம் வந்துடும், அவசரம் வந்தா அழுத்தம் கூடிடும்.

மெஷின்கட்சிக்காரங்களே, எந்த மெஷின்? நம்ம பக்கம் மெஷின்னு சொல்றது முக்காவாசி ரோட்டரி. பார்க்க கிரைண்டர் மாதிரியே இருக்கும், ஒரே அச்சுல நிமிஷத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம் சுத்து. ஒரே இடத்துல ரெண்டு விநாடி கூட நின்னா சூடு ஏறிடும். கதவு விளிம்பு, பானெட் மடிப்பு மாதிரி இடத்துல பெயிண்ட் ஏற்கனவே மெலிசு, அங்க பட்டா ப்ரைமர் எட்டிப் பார்க்கும். முடிச்ச பிறகு வெயில்ல மேகம் மாதிரி அலையலையா ஒரு கறை தெரியும் பாருங்க, ஹோலோகிராம்னு பேரு, அது ரோட்டரியோட கையெழுத்து. கெட்டிக்காரன் கையில ரோட்டரி அற்புதமா வேலை செய்யும், இல்லேங்கலை. ஆனா பழகற கைக்கு டூயல் ஆக்‌ஷன்தான். சுத்திக்கிட்டே தள்ளாடும், ரொம்ப அழுத்தினா சுத்தறதை நிறுத்திடும். சூடும் கம்மி, சேதமும் கம்மி. "மெஷின்னாலே ஆபத்து"ன்னு சொல்றவங்க பார்த்ததெல்லாம் ரோட்டரியும் கம்பளி பேடும்தான்னு நினைக்கறேன்.

எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் எடுத்து, கையில இருக்கறதுலயே மென்மையான பாலிஷ், மென்மையான பேட் போட்டுப் பார்க்கணும். அதுலயே போச்சுன்னா அதோட நிறுத்தணும். நகத்தை வச்சு வருடினா தட்டுப்படுற கீறலா, அதை விட்டுடணும், துரத்திப் போனா கிளியர் கோட்டைத் தாண்டிப் போயிடுவோம். பெயிண்ட் கனம் பார்க்கற மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்குது. சாதாரண மீட்டர் மொத்த கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியா காட்டாது, பிளாஸ்டிக் பம்பர்ல வேலையும் செய்யாது. ஆனா ஒரு பேனல்ல 120ம் பக்கத்து பேனல்ல 80ம் காட்டினா கை வைக்கறதுக்கு முன்னாடி யோசிக்கவாவது தோணும். பாலிஷுக்குக் காசு வாங்கற எல்லாரும் இதை வச்சிருக்கணும்ங்கறது என் கட்சி. எங்க ஊர்ல நான் போன இடத்துல ஒருத்தர்கிட்டயும் பார்க்கலை.

கோபத்துக்குக் காரணம் ஒரு வண்டி. எங்க ஊர் ஸ்டாண்டுல ஓடுற அண்ணன் ஒருத்தர், மரூன் கலர் செடான், கல்யாண ஓட்டம் நிறைய. மாப்பிள்ளை அழைப்புக்குப் பளபளன்னு இருக்கணும்னு ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கும் முன்னாடி ஒரு கட்டிங் பாலிஷ். நாலு வருஷம். இப்ப டாப்லயும் பானெட்லயும் வெள்ளை வெள்ளையா திட்டு, ஓரத்துல கிளியர் கோட் வெயில்ல காஞ்ச தோல் மாதிரி உரியுது. இதுக்கு பாலிஷ் கிடையாது, மறுபடி பெயிண்ட் அடிக்கறது ஒண்ணுதான் வழி. தவணை இன்னும் முடியலை. கல்யாண வீட்டுக்காரங்க வண்டியைப் பார்த்துட்டு வேற வண்டி சொல்லிடறாங்க. விக்கப் போனா, டாப் அடிச்ச வண்டின்னா ஆக்சிடென்ட் வண்டியான்னு முதல் கேள்வி. அந்த அண்ணனுக்கு பாலிஷ் போட்டவங்க யாரும் ஒரு தடவைகூட "போன தடவை எப்ப பண்ணீங்க"ன்னு கேக்கலையாம்.

ஷோரூம்ல நடக்கறதும் தனிக் கூத்து. கீறலை எடுக்காம, எண்ணெய் கலந்த கிளேஸ் போட்டு நிரப்பி டெலிவரி குடுப்பாங்க. மூணு நாலு வாட்டர் வாஷ்ல பழைய வலை திரும்பி வந்துடும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு இடத்தைத் துடைச்சு, வண்டியை வெயிலுக்கு எடுத்துப் பாருங்க. டெஃப்லான் கோட்டிங்னு ஒண்ணு விப்பாங்க. டெஃப்லான் உருகறதே 327 டிகிரி செல்சியஸ்ல. தோசைக்கல்லுல அதை அதுக்கும் மேல சூடு பண்ணித்தான் ஒட்ட வைக்கறாங்க. ஃபேக்டரில கார் பெயிண்டை வேகவைக்கறது சுமார் 140 டிகிரில. ஷெட்டுல ஒரு பையன் துணியால தடவினா எப்படிங்க ஒட்டும்?

இப்ப செராமிக் சீசன். "9எச் சார், வைரம் 10, இது 9"னு கூசாம சொல்றாங்க. அந்த 9எச் பென்சில் கணக்குங்க! பள்ளிக்கூடத்துல எச்பி பென்சில் வச்சிருந்தோமே, அந்த வரிசையில கடைசிப் பென்சிலால கீறினா கீறல் விழலைன்னு அர்த்தம். வைரம் 10ங்கறது மோஸ் அளவு, வேற கணக்கு. செராமிக்கால தண்ணி முத்து முத்தா ஓடும், அழுக்கு சீக்கிரம் விடும், அது உண்மை. நம்ம ஊர் மணல் அதையும் கீறும், இதுவும் உண்மை.

"தண்ணி இல்லாத ஊர்ல தினம் கழுவச் சொல்றியா"ன்னு கேப்பீங்க. தினம் கழுவவே வேண்டாம். புழுதியோட ஓடினா ஓடட்டும், படிஞ்சிருக்கற தூசி தானா கீறாது, அதை நாம அழுத்தி இழுக்கும்போதுதான் கீறும். வாரத்துக்கு ஒரு தடவை நிழல்ல நிறுத்தி, முதல்ல கை வைக்காம தண்ணி ஊத்தி மண்ணை ஓட விட்டு, ஷாம்பூ ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட், மேலேருந்து கீழ. மைக்ரோஃபைபர் துணி தரையில விழுந்தா அது அன்னைக்கு சக்கரத்துக்குப் போயிடணும். போர் தண்ணியை வெயில்ல காய விடாம ஒத்தி எடுத்துடணும். இப்படி ஆறு மாசம் இருந்துட்டு, அப்பவும் கண்ணை உறுத்தற கீறல் இருந்தா ஒரே ஒரு தடவை, மீட்டர் வச்சிருக்கற ஆளா பார்த்து, மென்மையா எடுத்துக்கோங்க. ஆறு மாசம் துணியைக் கீழ போட முடியாதவங்க பாலிஷும் பண்ணிக்காதீங்க.

டிஸ்கி: வெள்ளைக் கார்ல ஸ்விர்ல் மார்க் வராதான்னு கேக்காதீங்க. கறுப்புல வர்ற அதே அளவு வரும், கண்ணுக்குத் தெரியாது. எங்க ஊர் ஸ்டாண்டுல முக்காவாசி வண்டி வெள்ளை. சும்மாவா :-)