தடுப்பூசி இருந்தும் 2,287 மரணங்கள்... காங்கோவில் எபோலா அடங்க ஏன் இரண்டு வருடம் ஆனது?

2018 ஆகஸ்ட் 1. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில் இருக்கும் வடக்கு கிவு மாகாணத்தில் எபோலா பரவுவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. 1976-ல் யாம்புக்கு என்ற ஊரில் முதன்முதலாகப் பார்த்ததிலிருந்து கணக்கிட்டால், அந்த நாட்டுக்கு இது 10-வது எபோலா. அனுபவசாலி டாக்டர்கள் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் உடனே களத்தில் இறங்கியது. முக்கியமா, இந்த முறை கையில் நல்லா வேலை செய்யும் தடுப்பூசியும் இருந்தது. 3 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அது போடப்பட்டது.

ஆனாலும் 'பரவல் முடிந்தது' என்று அறிவிக்க 2020 ஜூன் 25 வரை ஆனது. அதற்குள் 3,470 பேரை நோய் தாக்கியிருந்தது. 2,287 பேர் இறந்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டால், அப்போது அடிக்கடி வந்த பதில் ஒன்றுதான்: "மக்கள் வதந்தியை நம்புறாங்க, ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க." மக்கள் ஒத்துழைக்கவில்லை என்பது உண்மை. அதற்கு அறியாமைதான் காரணம் என்ற முடிவுதான் தப்பு. அந்த ஊர்களில் நடந்த சமூக அறிவியல் ஆய்வுகளைப் படித்தால் இது புரியும்.

*எங்கே நடந்தது இது?*

பரவலின் மையம் பெனி, புட்டெம்போ என்ற இரண்டு நகரங்கள். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. 1990-களிலிருந்தே போர், ஆயுதக் குழுக்கள், இடம்பெயர்வு என்று வாழ்ந்த பகுதி. 2014-லிருந்து பெனியைச் சுற்றிய கிராமங்களில் தொடர் படுகொலைகள். அரசு ராணுவமும் ஐ.நா. அமைதிப் படையும் அங்கேயே இருந்தன. கொலைகள் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் ஒருநாள் திடீரென்று வரிசையாக ஜீப்புகள் வந்தன. "உங்க உயிரைக் காப்பாத்த வந்திருக்கோம்" என்றார்கள் வெளியூர்க்காரர்கள். சில குழுக்களுடன் துப்பாக்கி ஏந்திய காவலும் வந்தது.

*961 பேரிடம் கேட்டபோது...*

2018 செப்டம்பர் முதல் பாதியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் விங்க், ஃபுவாங் பாம் உள்ளிட்டோரின் குழு பெனியிலும் புட்டெம்போவிலும் 961 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தியது. முடிவுகள் 2019-ல் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வெளியாயின.

உள்ளூர் அதிகாரிகள் தங்கள் நலனுக்காக வேலை செய்கிறார்கள் என்று நம்பியவர்கள் 31.9% மட்டுமே. எபோலா என்பதே பொய் என்று நினைத்தவர்கள் 25.5%. அதாவது, நாலில் ஒருவர். அதிகாரிகளை நம்பாதவர்களும் தவறான தகவலை நம்பியவர்களும், தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் மற்றவர்களைவிடத் தயங்கினார்கள்.

இது ஒருமுறை எடுத்த கணிப்புதான். நம்பிக்கையின்மைதான் தயக்கத்துக்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், இரண்டும் சேர்ந்தே இருந்தன என்பது தெளிவு.

*நம்பிக்கைக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்?*

நேரடி சம்பந்தம் இருக்கு. எபோலா தடுப்பூசியை ஊர் முழுக்கப் போடவில்லை, 'வளையம்' போட்டுத்தான் போட்டார்கள். ஒருவருக்கு நோய் வந்தால், அவர் யார் யாரைச் சந்தித்தார், அவர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்று பட்டியல் எடுத்து, அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஊசி. அந்தப் பட்டியலை எந்த லேபிலும் எடுக்க முடியாது. நோயாளியும் குடும்பமும் வாய் திறந்து பெயர் சொல்லணும். கேட்பவர் மேல் சந்தேகம் இருந்தால் சில பெயர்கள் விடுபடும். விடுபட்ட ஒவ்வொரு பெயரும் வளையத்தில் ஒரு ஓட்டை.

சிகிச்சையும் அப்படித்தான். இதே பரவலின்போது நடந்த மருந்து சோதனையில், இரண்டு ஆன்டிபாடி மருந்துகள் நல்ல பலன் தருவதாக 2019 ஆகஸ்டில் தெரிந்தது. உடலில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே இந்த மருந்துகளைப் பெற்றவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். பயந்து வீட்டிலேயே இருந்தவர்களுக்கு அந்த மருந்தால் பிரயோஜனம் இல்லை.

*அப்போ, சந்தேகம் எங்கிருந்து வந்தது?*

2018 டிசம்பர் 30 அன்று நாடு முழுக்க அதிபர் தேர்தல். அதற்கு நான்கு நாள் முன்பு, எபோலாவையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி, பெனியிலும் புட்டெம்போவிலும் வாக்குப்பதிவைத் தேர்தல் ஆணையம் 2019 மார்ச்சுக்குத் தள்ளிவைத்தது. புது அதிபர் ஜனவரியிலேயே பதவியேற்றுவிட்டார். எதிர்க்கட்சிக்குச் செல்வாக்கு உள்ள பகுதி அது. சந்தை நடக்குது, சர்ச் நடக்குது, ஓட்டு மட்டும் போடக் கூடாதா என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். பெனியில் ஒரு எபோலா மையம் தாக்கப்பட்டது. எபோலா ஒரு அரசியல் சூழ்ச்சி என்று அதுவரை வதந்தி பேசியவர்களுக்கு, அரசே ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. 2019-ல் தொடங்கிய தட்டம்மை பரவலில் காங்கோ முழுக்க 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எபோலா கொன்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு இத்தனை ஜீப்புகள் வரவில்லை, இத்தனை டாலர்களும் வரவில்லை. "எங்க பிள்ளைங்க தட்டம்மையிலயும் மலேரியாவிலயும் சாகும்போது வராதவங்க, இதுக்கு மட்டும் ஏன் வர்றாங்க?" என்று ஒரு தாய் கேட்டால், அது அறியாமையா, நியாயமான கணக்கா?

'எபோலா பிசினஸ்' என்று மக்கள் கிண்டலாகச் சொன்னதும் வெறும் பேச்சு இல்லை. எபோலா நிதியில் 4 லட்சம் டாலருக்கும் மேல் கையாடல் செய்ததாக, முன்னாள் சுகாதார அமைச்சர் ஓலி இலுங்காவுக்கு 2020 மார்ச்சில் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நிவாரணப் பணிக்கு வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியது பற்றி விசாரித்த தனி ஆணையம், 2021 செப்டம்பரில் அறிக்கை தந்தது. குற்றம் சாட்டப்பட்ட 83 பேரில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தின் பணியில் இருந்தவர்கள்.

இவை எதுவும் வன்முறையை நியாயப்படுத்தாது. 2019 பிப்ரவரியில் கட்வாவிலும் புட்டெம்போவிலும் சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. ஏப்ரலில் கேமரூன் நாட்டு மருத்துவர் ரிச்சர்ட் மௌசோகோ, புட்டெம்போ மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உயிர் காக்க வந்தவர் அவர்.

*காது கொடுத்துக் கேட்டதும் என்ன மாறியது?*

யுனிசெஃப் ஆதரவுடன் சமூக அறிவியல் பகுப்பாய்வுக் குழு ஒன்று 2018-லேயே களத்தில் இயங்கத் தொடங்கியது. மக்களிடம் கேட்டு, தகவலை மருத்துவக் குழுவிடம் கொடுத்து, பரிந்துரைகளில் எத்தனை அமலுக்கு வந்தன என்றும் அது பின்தொடர்ந்தது. செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் கேள்விகளைப் பதிவு செய்தார்கள்.

பையில் கட்டிக் கொடுக்கும் உடலிலிருந்து உறுப்பைத் திருடுகிறார்கள் என்ற பயம் இருந்தது. பதிலுக்கு உள்ளே இருப்பவரின் முகம் தெரியும்படியான பைகள் வந்தன. சிகிச்சை மையத்துக்குள் போனால் திரும்ப முடியாது என்ற பயத்துக்கு, அலிமா என்ற மருத்துவ அமைப்பின் கண்ணாடி மாதிரியான அறைகள் உதவின. வெளியே நின்றபடியே குடும்பத்தினர் நோயாளியைப் பார்த்துப் பேச முடிந்தது. பிரெஞ்சிலும் ஏட்டு ஸ்வாஹிலியிலும் இருந்த நோட்டீஸ்கள் பலருக்குப் புரியவில்லை என்பதும், நாண்டே போன்ற உள்ளூர் மொழிகள் தேவை என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

*தீ எரியும்போது சர்வே எதற்கு?*

நியாயமான எதிர்வாதம்தான். ஆனால் அந்த 961 பேர் கணிப்பு, பரவல் அறிவிக்கப்பட்டு ஏழு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆபத்து எங்கே என்று அப்போதே காட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான், டிசம்பரில், தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது.

சமூக அறிவியலால் ஆயுதக் குழுவின் துப்பாக்கியைப் பிடுங்க முடியாது, உண்மைதான். இன்னொரு ஆபத்தும் இருக்கு: மக்கள் மனசைப் படித்து, ஏற்கெனவே எடுத்த முடிவை இனிப்பு தடவிக் கொடுக்கும் விளம்பர வேலையாக இது சுருங்கிவிடலாம். ஆய்வு மக்களை மட்டும் மாற்றி, திட்டத்தை அப்படியே விட்டால் அது பாதி வேலைதான்.

அதனால், அடுத்த பரவலில் முதல் விமானத்திலேயே டாக்டரோடு சமூக ஆய்வாளரும் போக வேண்டும், அந்த ஊர் மொழி பேசுபவராக. அவர் சொல்வதைக் கேட்டுப் பட்ஜெட்டை மாற்றும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். எபோலா வார்டுக்குப் பக்கத்திலேயே தட்டம்மை ஊசியும் மலேரியா மாத்திரையும் கிடைக்க வேண்டும். எபோலா வராத வருடங்களிலும் அவை அங்கே இருக்க வேண்டும்.